புற்றைப் பறிகொடுத்த உடும்பின் வலைப்பூ

முதலில் தீங்கு செய்தது முள்ளம்பன்றி சிங்காரம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள். பிறகு நடந்ததைப் பார்த்துவிட்டு உடும்பு உத்தண்டத்தைக் குறை சொல்ல வருகிறவர்கள், ஆரம்பித்து வைத்தது யார் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஈச்சங்காட்டின் நடுவில் ஒரு குளம். குளத்துக்கு மேற்கே மேட்டில் ஒரு பழைய கரையான் புற்று. அதுதான் உத்தண்டத்தின் வீடு. அதன் வாசல் கிழக்கே பார்த்திருக்கும். விடிந்ததும் வெயில் உள்ளே வந்து உத்தண்டத்தின் முதுகைத் தடவி எழுப்பும். உடும்புக்கு உடம்பில் வெயில் ஏறினால்தான் கால் நகரும். அந்த வாசல் மட்டும் இல்லாவிட்டால் உச்சிப்பொழுது வரை மரக்கட்டையாகக் கிடக்க வேண்டியதுதான்.

ஒரு மழை நாளில் சிங்காரம் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்தது.

"அண்ணே, மழை விடுற வரைக்கும் ஒரு ஓரமா ஒதுங்கிக்கிறேன்!"

"வாப்பா, வா! இதுல என்ன இருக்கு!" என்றது உத்தண்டம்.

சிங்காரம் தலையை உள்ளே விட்டது. உடம்பை உள்ளே விட்டது. பிறகு முள்ளையெல்லாம் விரித்துக்கொண்டு படுத்தது. அதற்கு மேல் புற்றில் இடம் ஏது? உத்தண்டம் வெளியே நின்று நனைந்தது.

மழை விட்டது. வெயில் வந்தது. சிங்காரம் மட்டும் வெளியே வரவில்லை.

"தம்பி, மழைதான் விட்டுப்போச்சே!"

"இங்கே விட்டுப்போச்சு அண்ணே. எங்கேயாவது ஒரு இடத்துல பெஞ்சுக்கிட்டுத்தானே இருக்கும்!"

முள்ளம்பன்றியை வாலைப் பிடித்து இழுக்க யாராலும் முடியாது. உத்தண்டம் குளத்தோரப் புளியமரத்தின் வேருக்கடியில் ஒரு ஈரப்பொந்தில் போய்ப் படுத்தது. அங்கே எந்நேரமும் நிழல். வால் விறைத்துப் போகும். விறைத்த வாலோடு அது சிங்காரத்தை நினைத்துக்கொண்டே கிடக்கும்.

நாட்டாமையான கரடியிடம் உத்தண்டம் முறையிட்டது. நாட்டாமை தேன் வழியும் கையை நக்கிக்கொண்டே கேட்டார்.

"நியாயம் உன் பக்கம்தான். ஆனா உன் வழக்கு யாருக்குத் தெரியும்? நாலு பேருக்குத் தெரியட்டும். அவனே வெக்கப்பட்டுக் காலி பண்ணிட்டுப் போவான். பேசாம ஒரு வலைப்பூ ஆரம்பி!"

பட்டணத்தில் வலைப்பூவை எதில் எழுதுகிறார்களோ, அது நமக்கு வேண்டாம். அந்தக் காட்டில் குளக்கரைச் சேற்றில் எழுதுவார்கள். தண்ணீர் குடிக்க எல்லோரும் அங்கேதான் வந்தாக வேண்டும். வந்தால் கண்ணில் பட்டுத்தான் தீரும். மயில் தன்னைப் பற்றியே ஒரு வலைப்பூ வைத்திருந்தது. ஆமையின் வலைப்பூ 'சுருக்கமாகச் சொல்கிறேன்' என்று தொடங்கியது. அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை. நன்றாக ஓடுகிற வலைப்பூவின் ஓரத்தில் விளம்பரம் போடக் கேட்டு வருவார்கள். அதற்குக் கூலி புளியங்கொட்டை. ஈச்சங்காட்டில் காசு என்றால் அதுதான்.

உத்தண்டம் கரையில் ஒரு துண்டு இடம் பிடித்து, நகத்தால் இப்படி எழுதியது:

'மதிப்பிற்குரிய வனவாசிகளுக்கு, உடும்பு உத்தண்டம் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்...'

ஒரே ஒரு தவளை வந்து படித்தது. பாதியில் கொட்டாவி விட்டது.

"இது எப்பங்க முடியும்?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்துவிட்டது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது ஆள்காட்டிக் குருவி குருவம்மா. கரைக்கு யார் வந்தாலும் கத்திக் காட்டிக்கொடுப்பது அதன் பிறவிக் குணம். ஆகையால் எந்த வலைப்பூவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது அதற்கு அத்துப்படி.

"மாமா, இது என்ன வலைப்பூவா, தாசில்தாருக்குப் போட்ட மனுவா?"

"ஏம்மா? மரியாதையாத்தானே எழுதியிருக்கேன்!"

"மரியாதையை யார் படிப்பா? தலைப்பு கொக்கி மாதிரி இருக்கணும். தினமும் எழுதணும். ஒரே விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு விடாம எழுதணும்!"

"பிடிச்சா விடாம இருக்கிறதா?" உத்தண்டத்துக்கு முதல்முறையாக முகம் மலர்ந்தது. "அதை எனக்கா சொல்லித் தர்றே!"

மறுநாள் காலை கரையில் இப்படி ஒரு தலைப்பு:

'தூங்க இடம் கேட்ட முள்ளம்பன்றி உடும்புக்குச் செய்தது என்ன? ஏழாவது வரியைப் படித்தால் அதிர்ந்துபோவீர்கள்!'

மான்கள் நின்றன. குரங்குகள் இறங்கி வந்தன. காட்டெருமை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுப் படித்தது.

"அஞ்சு வரிதானே இருக்கு! ஏழாவது வரி எங்கேய்யா?"

"நாளைக்கு!" என்றது குருவம்மா.

மறுநாள் கூட்டம் இரட்டிப்பானது. தவளைகளுக்கு இது பிடித்துப்போய்விட்டது. ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் கூடி உட்கார்ந்து கருத்துக் கூறின.

"முதல் கருத்து நான்தான்!"

"அருமை ஐயா!"

"நான் இன்னும் படிக்கலை. ஆனா ஒத்துக்கிறேன்!"

"இதே மாதிரி என் மச்சினனும் ஒரு தாமரை இலையைப் பிடுங்கிட்டான் ஐயா!"

உத்தண்டம் எழுதித் தள்ளியது. சிங்காரம் வந்து நின்ற விதம் ஒரு நாள். சிங்காரம் 'அண்ணே' என்று இழுத்த விதம் ஒரு நாள். கைவசம் இருந்த தீங்கெல்லாம் தீர்ந்துபோனதும், சிங்காரத்தின் தாத்தா தன் தாத்தாவை ஒருமுறை முறைத்ததை எடுத்து, அதை மூன்று பாகமாக எழுதியது.

விளம்பரங்கள் வந்தன. காட்டுப்பன்றி தன் சேற்றுக் குளியலுக்கு இடம் கேட்டது. கரடி நாட்டாமையே தேன் விளம்பரத்தோடு வந்தார். ஓரத்தில் இடம் போதவில்லை. குருவம்மா விளம்பரங்களைப் பதிவுக்கு நடுவிலேயே செருகிவிட்டது.

'அன்று நான் மழையில் நின்று அழுதேன். மலைத்தேன் வாங்கக் கரடியை அணுகுங்கள். என் கண்ணீர் தாடை வழியாக வழிந்தது. ஒருமுறை புரண்டால் மறுமுறையும் வருவீர்கள், பன்றியாரின் சேற்றுக் குளியல். யாரும் என்னை ஏனென்று கேட்கவில்லை.'

படித்த யானை கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய்த் தேன் வாங்கியது.

ஈரப்பொந்தில் புளியங்கொட்டை குவிந்தது. இடம் இல்லாமல் உத்தண்டம் அதன் மேலேயே படுத்தது. முதுகெல்லாம் உறுத்தியது. வால் முன்போலவே விறைத்தது.

ஒரு நாள் குருவம்மா ஒரு புது விளம்பரம் கொண்டுவந்தது.

'புகழ்பெற்ற அந்தப் புற்றை நேரில் பாருங்கள்! நுழைவுக்கு இரண்டு கொட்டை. இப்படிக்கு, சிங்காரம்.'

உத்தண்டத்தின் நாக்கு வெளியே வந்தது, உள்ளே போனது.

"என் புத்து! என் வீட்டைப் பார்க்க அவன் காசு வாங்குறானா? அதை நானே என் கரையில எழுதணுமா?"

"மத்தவங்களை விட மூணு மடங்கு தர்றாரு மாமா."

"அவன் கொட்டை எனக்கு வேண்டாம்!"

"வேண்டாம்னா மயில் வாங்கிக்கும்."

உத்தண்டம் யோசித்தது. மயில் வாங்குவதை நினைத்தால் வயிறு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விளம்பரத்தைத் தன் நகத்தாலேயே எழுதியது.

இப்படியே போனது. ஒரு காலையில் சிங்காரமே கரைக்கு வந்து நின்றது. முள்ளெல்லாம் சரிந்து தொங்கியது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அண்ணே! என்னால முடியலை அண்ணே! பகல்லதான் நான் தூங்கணும். பகல் பூரா ஆள் வருது. மான்கூட்டம் வந்து 'உடும்பார் நின்னு அழுத இடம் எது'ன்னு கேக்குது. ஒரு குரங்குக் குடும்பம் ஞாபகத்துக்குன்னு என் முதுகுல முள்ளைப் பிடுங்கிட்டுப் போகுது. கொட்டையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? தூக்கம் வேணுமே! நான் செஞ்சது தப்பு. உங்க புத்தை நீங்களே எடுத்துக்குங்க!"

உத்தண்டத்துக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகமாகிவிட்டது.

"என்ன சொன்னே?"

"தப்புன்னேன் அண்ணே. மன்னிச்சிருங்க. வாங்க, இப்பவே வந்து பாருங்க!"

இரண்டும் மேட்டுக்குப் போயின. குருவம்மா மேலே பறந்து வந்தது. தவளைகள் பின்னால் தத்தித் தத்தி வந்தன.

புற்று காலியாக இருந்தது. கிழக்கு வாசலில் வெயில் விழுந்திருந்தது. உத்தண்டம் தலையை மட்டும் உள்ளே நீட்டியது. கழுத்தில் வெயில் பட்டது. எத்தனையோ நாளாக விறைத்துக் கிடந்த வால் நுனி மெல்ல அசைந்தது. அது கண்ணை மூடிக்கொண்டது.

"மாமா," என்றது குருவம்மா. "நாளைக்கு என்ன எழுதுவீங்க?"

"புத்து கிடைச்சுட்டுதுன்னு எழுதுவேன்."

"சரி. நாளன்னைக்கு?"

உத்தண்டம் கண்ணைத் திறந்தது.

"உள்ளே சுகமா இருக்கேன்னு எழுதறது..."

"சுகமா இருக்கிறவன் எழுதினதை யார் படிப்பாங்க?" என்றது ஒரு தவளை.

"அப்ப கதை முடிஞ்சுபோச்சா?" என்று இன்னொன்று விசும்பியது. "நாங்க இனிமே எங்கே போய்க் கருத்துச் சொல்றது?"

"மயிலுக்கு இப்பவே ஆள் கூடுது," என்று குருவம்மா கரைப் பக்கம் பார்த்தது.

உத்தண்டமும் பார்த்தது. அதன் பிறவியிலேயே அது பேசியதை யாரும் நின்று கேட்டதில்லை. இப்போது யானை நின்று படிக்கிறது. நாட்டாமை வணக்கம் சொல்கிறார். புற்றுக்குள் போய்விட்டால் பழையபடி வெறும் உடும்பு. அது மெதுவாகத் தலையை வெளியே எடுத்தது.

"டேய் சிங்காரம், உள்ளே போ!"

"என்ன அண்ணே?"

"உள்ளே போய்ப் படுடா! திருடினவன் திருடின இடத்துல இருக்கணும். நீ பாட்டுக்குத் திருப்பிக் கொடுத்துட்டா என் பொழப்பு என்னாகும்?"

"ஐயோ அண்ணே, நான் மாட்டேன்! தூக்கமில்லாம செத்துப்போவேன்! நான் ஊரை விட்டே போறேன்!"

சிங்காரம் நடக்கத் தொடங்கிவிட்டது. உத்தண்டம் ஓடிப்போய் வழியை மறித்தது.

"தம்பி, தம்பி! கோபிச்சுக்காதே! வாசல்ல கூட்டம் வராம நான் சொல்லி வைக்கிறேன். உச்சிக்கு மேல ஒருத்தரையும் விட மாட்டேன். நீ இரு, போதும்!"

சிங்காரம் நின்றது. தூக்கம் போனாலும் அதற்குப் புத்தி போகவில்லை.

"சும்மாவா இருக்கிறது?"

"என்ன வேணும்?"

"அது உங்க பிரியம் அண்ணே. ஆனா, இது கஷ்டமான வேலை. தினமும் திருடனா இருக்கணும். நாலு பேர் திட்டுறதைக் கேக்கணும்..."

பேரம் நடந்தது. வரும்படியில் பாதி சிங்காரத்துக்கு என்று முடிவானது.

"மறுபாதி எனக்கு," என்றது குருவம்மா. "இந்த யோசனை யாருது?"

அப்படியும் உத்தண்டம் தலையாட்டியது. சிங்காரம் புற்றுக்குள் நுழைந்து முள்ளை விரித்துப் படுத்தது. படுத்த பிறகு உள்ளிருந்து குரல் கொடுத்தது.

"அண்ணே, வாசல்ல வெயில் கண்ணைக் கூசுது. கொஞ்சம் தழை ஒடிச்சு மறைச்சுட்டுப் போங்களேன்!"

உத்தண்டம் தழை ஒடித்து வந்து, தன் வீட்டு வாசல் வெயிலைத் தானே மறைத்தது. பிறகு வாலை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனது. யானை காத்திருந்தது. நகத்தை ஊன்றி அன்றைய தலைப்பை எழுதியது:

'இன்னும் காலி செய்யவில்லை அந்தப் பாவி!'

"அருமை ஐயா!" என்றன தவளைகள். "விட்டுடாதீங்க!"

உத்தண்டம் இன்றும் ஈரப்பொந்தில்தான் படுக்கிறது. புற்று அதற்கு இன்னும் வந்து சேரவில்லை. யார் கேட்டாலும், முதலில் தீங்கு செய்தது சிங்காரம்தான் என்று சொல்லும். அது உண்மையும்தான்.

தன் குறையை விற்றுப் பிழைக்கத் தொடங்கியவன், அந்தக் குறை தீர வரும் நாளில் தானே குறுக்கே நின்று தடுப்பான்.