பாரிஸில் பார்த்த நல்ல இடம்

ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிற ஒருவர், பெற்ற மகளுக்கு மட்டும் அநியாயம் செய்துவிட்டார். யார் அவர் என்று கேட்காதீர்கள். அவர் உப்பைத் தின்கிற தாண்டவராயனே பெயரைச் சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தான்.

தாண்டவராயன் மருதங்குடி மகாராஜாவின் சபையில் விகடம் பேசுகிறவன். அதற்கு முன்னால் மாட்டுத் தரகன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசி, மாட்டிடம் உதையும் மனுஷனிடம் ஏமாற்றமும் வாங்கிப் படித்தவன். கோபம் எப்போதும் மூக்கின் நுனியில் இருக்கும்.

விஷயம் இதுதான். வேலங்குடி ஜமீன் பிள்ளை தணிகாசலத்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இளவரசி கோமளவல்லி அப்பாவிடமே சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளையோ சமையல் படிக்கிறேன் என்று சில வருஷங்களுக்கு முன்பே சீமைக்குக் கப்பலேறிவிட்டவன்.

"கரண்டி பிடிக்கிறவனுக்கு என் மகளா? அவன் பேரை இனி யாரும் எடுக்கக் கூடாது!" என்றார் மகாராஜா.

யாரும் எடுக்கவில்லை. இளவரசியும் அன்றோடு சிரிப்பதை விட்டுவிட்டாள். பதறிப்போன மகாராஜா, "எந்த ஊருக்குப் போனால் சிரிப்பாய், சொல்லம்மா" என்றார். "பாரிஸ்" என்றாள். ஜமீன் பிள்ளை போனது எந்தச் சீமைக்கு என்று மகாராஜா விசாரித்ததே இல்லை. இளவரசிக்குத் தெரியும். தாண்டவராயனுக்கும் தெரியும்.

எல்லாரும் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இளவரசியின் பிறந்தநாள் நெருங்கியது. விருந்துக்கு உயர்ந்த இடமாகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் திவான் சேஷையா ஏற்றுக்கொண்டார். முதலில் ஒத்திகை பார்க்க ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். தட்டு தெப்பக்குளம் மாதிரி விரிந்து கிடந்தது. நடுவில் நீராழி மண்டபம் மாதிரி ஒரே ஒரு மீன் துண்டு. இன்னோர் இடத்தில் பரிமாற வந்தவனின் மிடுக்கைப் பார்த்து, யாரோ இளவரசன் என்று மகாராஜாவே எழுந்து கும்பிட்டுவிட்டார். மூன்றாவது இடத்தில் நத்தை வந்தது. அதுவும் வீட்டோடு.

"ஓய் திவான்! என்னைப் பட்டினி போட்டுக் கொல்லவா கூட்டி வந்தீர்?" என்று கத்தினார் மகாராஜா.

திவானுக்குத் தாண்டவராயனைக் கண்டால் ஆகாது. மாட்டிவிட இதுதான் சமயம் என்று, "வாய் கிழியப் பேசுகிறானே, அவனைப் பார்க்கச் சொல்லுங்கள், மகாராஜா" என்றார்.

மகாராஜா திரும்பினார். "தாண்டவராயா! மகளுக்கு நல்ல இடமாப் பாரு. பெரிய இடமா இருக்கணும். அவளுக்கும் பிடிக்கணும். என் வாயாலேயே நான் 'நல்ல இடம்'னு சொல்லணும். பேசி முடிச்சுட்டு வந்துதான் என் முகத்திலே முழிக்கணும். இல்லே, ஊருக்குப் போனதும் பழையபடி மாட்டு வாலைப் பிடிக்கப் போயிடு!"

தாண்டவராயனின் காது ஆடியது.

"நல்ல இடம், பெரிய இடம், பேசி முடிக்கணும். அவ்வளவுதானே, மகாராஜா?"

"அவ்வளவுதான்."

"அப்புறம் பின்வாங்கக் கூடாது."

"நான் ராஜாடா!"

அவன் கிளம்பினான். மாடு வாங்குகிறவன் கொம்பைப் பார்த்து மயங்க மாட்டான், பல்லைப் பார்ப்பான். ஓட்டலுக்கு முன்வாசல் கொம்பு, பின்வாசல் பல். அவன் பின்வாசல் பின்வாசலாக நுழைந்து பார்த்தான். ஆற்றங்கரை மாளிகை ஒன்றின் பின்கட்டில் யாரோ சுத்தத் தமிழில் அடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டான்.

பிறந்தநாளன்று அந்த மாளிகைக்கு எல்லாரும் போனார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆறு விளக்கொளியில் மின்னியது. முதலில் ஒரு சூப்பு வந்தது. ஒரு வாய் குடித்த மகாராஜா நிமிர்ந்தார்.

"அடடே! நம்ம மிளகு ரசத்துக்குச் சீமையிலே ஒரு தம்பியா!"

அடுத்து மொறுமொறுவென்று வாத்து. மகாராஜா பேச்சை நிறுத்திவிட்டார். திவான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றும் முடிய முடியப் பழைய தட்டை எடுத்துவிட்டுப் புதுத் தட்டு வைத்தார்கள்.

மகாராஜா இடுப்புக் கச்சையைத் தளர்த்தினார். "நல்ல இடம்டா, தாண்டவராயா!"

"பெரிய இடம்தானே, மகாராஜா?"

"இதைவிடப் பெரிய இடம் இனிமே எங்கேடா கிடைக்கும்?"

"அம்மாவுக்குப் பிடிச்சிருக்கான்னு ஒரு வார்த்தை…"

"என்னம்மா, பிடிச்சிருக்கா?"

இளவரசி தலையைக் குனிந்துகொண்டாள். "பிடிச்சிருக்குப்பா." சொல்லும்போதே உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அப்போ தட்டு மாத்திடலாமா, மகாராஜா?"

"தாராளமா மாத்து!"

தாண்டவராயன் கையைத் தட்டினான். சமையற்கட்டுக் கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றான் தணிகாசலம். கையில் வெள்ளித் தட்டு. தட்டில் பூ, பழம், மஞ்சள், வெற்றிலை பாக்கு. வெற்றிலை கொஞ்சம் வாடியிருந்தது. மகாராஜாவின் சொந்தப் பெட்டியிலிருந்து தாண்டவராயன் சுட்டது.

மகாராஜா துள்ளி எழுந்தார். "என்னடா இது! நான் சாப்பிடத்தானே இடம் பார்க்கச் சொன்னேன்?"

"சாப்பாடுங்கிற பேச்சையே மகாராஜா எடுக்கலையே! 'மகளுக்கு நல்ல இடமாப் பாரு, பெரிய இடமா இருக்கணும், பேசி முடி'ன்னீங்க. தமிழ் தெரிஞ்ச எவனாவது இதைக் கேட்டுட்டு ஓட்டல் தேடிப் போவானா? இந்த மாளிகை, அடுப்பு எல்லாம் மாப்பிள்ளை சொந்தமாச் சம்பாதிச்சது. நல்ல இடம்னீங்க. பொண்ணுக்கும் பிடிச்சிருக்கு. தட்டு மாத்தவும் உத்தரவு கொடுத்துட்டீங்க."

"ஆயிரம் இருந்தாலும் கரண்டி பிடிக்கிறவன்…" என்று இழுத்தார் திவான்.

தாண்டவராயனுக்குச் சுர்ரென்று ஏறியது. "திவான் ஐயா! இரண்டாம் தரம் வாங்கி விரலை நக்கினீங்களே, அது என்ன செங்கோலிலேருந்தா வடிஞ்சது?"

இளவரசி வாயைப் பொத்தியும் அடங்காமல் கலகலவென்று சிரித்துவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டு எத்தனை மாதமாயிற்று! மகாராஜா மகளையே பார்த்தார். மீசை துடித்தது. பிறகு அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். விரலிலிருந்த வைர மோதிரத்தைக் கழற்றி நீட்டினார்.

"இந்தாடா, போக்கிரி!"

தாண்டவராயன் கையைக் கட்டிக்கொண்டான். "அது கிடக்கட்டும், மகாராஜா. பெத்த பொண்ணை இத்தனை நாளாச் சிரிக்க விடாம வெச்சிருந்தார் ஒருத்தர். பேர் சொல்ல மாட்டேன், அவர் உப்பைத் தின்னவன். முதல்லே அவரைப் போய் அந்தத் தட்டைக் கையிலே வாங்கச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்குக் கை வலிக்குது!"