எஃப்.சி.க்கு மாட்டிய டயர்

வையாபுரிக்கு ஐம்பத்தொன்பது வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தாறு. இதைக் கேட்டு நாமக்கல்லில் பழைய லாரிக் கூட்டாளிகள் சிரித்ததுண்டு. "போயும் போயும் உன்னைவிடச் சின்னவங்ககிட்டயா உபதேசம் கேக்குற?" என்பார்கள். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர் வையாபுரி. வழி தெரிந்தவர்களிடம் வயது கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

கொல்லிமலை அடிவாரத்தில் அந்தக் குரு மருதாயம்மாவின் குடிலுக்கு அவர் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஞானம் தேடியெல்லாம் வரவில்லை. பயம் துரத்தியதில் இங்கே வந்து நின்றார்.

அண்ணன் நாச்சிமுத்து போன தை மாதம் இறந்துபோனார். மத்தியான வெயிலில் அண்ணனும் தம்பியும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பள்ளிக்கூடத்து வாசலில் பிரஷர் பார்க்கும் முகாம் நடந்தது. "நமக்கென்னடா நோக்காடு?" என்று அண்ணன் சிரித்தார். பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். ஒரு நாள் தலைவலி என்று படுத்ததில்லை மனுஷன்.

"பத்து வருசமாவே பிரஷர் இருந்திருக்கும். இதயம் தடிச்சுப் போயிருக்குது. அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர்.

அந்தக் கடைசி வார்த்தைதான் வையாபுரியை உலுக்கிவிட்டது. தனக்கே தெரியாமல் தனக்குள் ஒன்று இருக்க முடியுமா? காரியம் முடிந்த கையோடு போய் அளந்துகொண்டார். மேலே நூற்று எழுபத்திரண்டு, கீழே நூற்று நான்கு. மறுபடி இரண்டு நாள் வரச் சொல்லி அளந்தார்கள். அப்போதும் ஏறக்குறைய அதே அளவில்தான் நின்றது.

நர்ஸ் பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "நூத்தியிருபதுக்கு எம்பதுங்கறது சமதளங்க. அதுக்கு மேல போகப் போக இதயத்துக்கு மேடு. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அது ஓயாம மேடு ஏறிக்கிட்டே இருக்கும். மாத்திரையை விட்டுடாதீங்க. காலையில சாயங்காலம் வீட்டுல அளந்து, வர்றதை வந்தபடி எழுதிக்கிட்டு வாங்க."

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறிய இஞ்சின் எப்படிக் கொதிக்கும் என்று வையாபுரிக்குத் தெரியும். மலை முடிந்தால் நிறுத்தி ஆறவிடலாம். முடியவே முடியாத மலை என்றால் என்ன செய்வது? அன்று முதல் மார்பின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் படுத்தார். நின்றுவிட்டால் தெரிந்துகொள்ளலாம் என்பதுபோல.

குடிலுக்கு வந்தபின் ஒரு நாள் தியானம் முடிந்ததும், கையோடு கொண்டுவந்த பிரஷர் மிஷினில் அளந்து பார்த்தார். நூற்று இருபத்தெட்டு. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. தியானத்துக்கே அடங்கிப்போயிற்று என்று மாத்திரையை நிறுத்தினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மாத்திரையை விட்டுப் பதினேழு நாள் ஆயிற்று; நாளுக்கு ஒரு வரியாக அளவை எழுதிக்கொண்டு வந்தார். ஆனால் பயம் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

அந்தக் குடிலில் ஒரு வழக்கம். ஊருக்குப் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்களோ அதைத் தாம்பாளத்தில் வைத்து அம்மா முன்னால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவர் பத்திரிகையை வைப்பார். கோர்ட்டுக்குப் போகிறவர் வக்கீல் நோட்டீஸை வைப்பார். மறுநாள் டாக்டரிடம் போக வேண்டிய வையாபுரி, காலை எட்டரை மணிக்கு ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

மருதாயம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கண்ணா இது?"

"பிரஷர் எழுதினதுங்கம்மா. நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டோணும்."

மருதாயம்மா காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"எல்லாம் நல்லாத்தான இருக்குது."

"நல்லாத்தானுங்க இருக்குது."

"அப்புறம் ஏன் நெஞ்சு மேல கை வெச்சிருக்கீங்க?"

வையாபுரி கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார். "அண்ணன் போனதுல இருந்து பயம் போக மாட்டேங்குதுங்கம்மா. எண்ணு குறைஞ்சிருச்சு. பயம் குறையல. அதுக்கு நீங்கதான் ஒரு வழி சொல்லோணும்."

"எப்ப அளப்பீங்க?"

"தியானம் முடிஞ்சதுமுங்க."

"ஒரு தடவையா?"

"அஞ்சாறு தடவைங்க. அதுல குறைச்சலா வந்ததை எழுதிக்குவேன்."

"மத்ததெல்லாம்?"

"அதைப் பாத்தா பயமா இருக்குதுங்க."

"மாத்திரை?"

வையாபுரி தரையைப் பார்த்தார். "நிறுத்திட்டேனுங்க."

மருதாயம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. முறத்தை ஓரமாக வைத்துவிட்டு அம்மா கேட்டார்:

"சொந்தமா லாரி வெச்சிருந்தப்ப எஃப்.சி.க்கு எப்படிப் போவீங்க?"

வண்டி ரோட்டில் ஓடலாம் என்று அதிகாரிகள் பார்த்துக் கொடுக்கிற சான்றுதான் எஃப்.சி. அந்தக் கதையை வையாபுரியே குடிலில் ஒரு நாள் எல்லோரும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தார். இன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"மச்சான் வண்டியில இருந்து நல்ல டயரைக் கழட்டி நம்ம வண்டிக்கு மாட்டிக்கிட்டுப் போவேனுங்க. காட்டிட்டு வந்ததும் அவரு டயரை அவருகிட்டயே குடுத்துருவேன்."

"அப்புறம்?"

"பழைய மொட்டை டயருதானுங்க."

"எஃப்.சி. கெடைச்சுதா?"

"கெடைச்சுதுங்க."

"நிம்மதியா ஓட்டுனீங்களா?"

"எங்கீங்கம்மா! லோடோட மலை எறங்கறப்பக் கண்ணுக்கு முன்னால டயருதான் நிக்கும். சின்னக் கல்லு மேல ஏறுனாக்கூட வண்டியை நிறுத்தி எறங்கிப் பாப்பேன்."

"சர்டிபிகேட்தான் கையில இருந்துச்சே?"

"சர்டிபிகேட்டாங்கம்மா ரோட்டுல உருளுது? டயருதானுங்க உருளுது."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. தாம்பாளத்தில் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். பதினேழு வரிகள். ஒன்றுகூட அவருடைய டயர் இல்லை.

"அந்தப் பயம் எப்பங்கண்ணா போச்சு?"

"புது டயரு வாங்கி மாத்துன அன்னைக்குங்க."

"மிஷினை எடுத்துக்கிட்டு வாங்க."

"தியானம் முடிச்சுட்டு..."

"இன்னைக்குத் தியானம் வேண்டாம்."

மருதாயம்மாவே உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி வையாபுரி முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில். கை மேசை மேல், நெஞ்சு உயரத்துக்கு. மிஷினின் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தார். ஐந்து நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

பொத்தானுக்குப் பக்கத்தில் போன விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

"அம்மா, அதிகமா வந்துட்டா?"

"புதுசா எங்கிருந்தும் வரப் போறதில்லீங்கண்ணா. உள்ள ஓடிக்கிட்டு இருக்கறதுதான். நாம இப்பத்தான் பாக்குறோம்."

இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு அடங்கட்டும் என்று இருந்து, பிறகு அழுத்தினார். பட்டை கையை இறுக்கியது. அண்ணன் டம்ளரைக் கீழே வைத்த சத்தம் வையாபுரிக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

"தொறந்து பாருங்க" என்றார் மருதாயம்மா.

நூற்று எழுபத்தெட்டு. நூற்று ஆறு.

கொஞ்சம் பொறுத்து மறுபடி அளக்கச் சொன்னார். நூற்று எழுபத்து நாலு. நூற்று நாலு.

"ரெண்டையும் எழுதுங்க."

பதினேழு வரிகளுக்குக் கீழே வையாபுரி எழுதினார். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. எழுதிவிட்டு, அம்மா சொல்லாமலே பக்கத்தில் இன்னொன்றும் எழுதினார்: மாத்திரை நிறுத்திப் பதினேழு நாள்.

மருதாயம்மா எழுந்து துணிப்பையைத் தோளில் மாட்டினார். "நாளைக்கு வரைக்கும் எதுக்கு? பத்தரை பஸ்ஸுக்கே போயிரலாம். நானும் வர்றேன்."

"உங்களுக்கு எதுக்குங்கம்மா அலைச்சல்?"

"எனக்கும் மாத்திரை தீரப் போகுது." பைக்குள் கைவிட்டு ஓர் அட்டையைக் காட்டினார். வையாபுரி நிறுத்திய அதே மாத்திரை.

வையாபுரிக்கு நம்பவே முடியவில்லை. "நீங்க தியானம் பண்றவங்க. உங்களுக்கு எதுக்குங்கம்மா இது?"

"தியானம் பண்றவளுக்கும் ரத்தந்தானுங்கண்ணா ஓடுது."

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மலைப்பக்கமிருந்து ஒரு லாரி முனகிக்கொண்டே இறங்கி வந்தது. பழக்க தோஷத்தில் வையாபுரியின் கண் அதன் டயருக்குப் போயிற்று. பிறகு அவருடைய கை தானாக மார்பைத் தொட்டுப் பார்த்தது. உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றார். "நான் கேட்டதுக்கு நீங்க வழியே சொல்லலீங்களே. பயம் இன்னும் போகல."

மருதாயம்மா நடையை நிறுத்தவில்லை.

"போக வேண்டாமுங்கண்ணா. உங்க அண்ணனுக்கு அந்தப் பயம் வரவே இல்லை."