வான்கோழிப் பட்டியில் தொங்கும் கீரைக்கட்டு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எங்காவது பிசகினால் என் பட்டியில் நிற்கும் வான்கோழிகளே என்னிடம் கோபித்துக்கொள்ளும். இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் வான்கோழிகள் வாய்விட்டுப் பேசும். காத்தாயி என்றொருத்தி அவற்றை வளர்த்தாள். பகலெல்லாம் வெளியில் மேய்ந்து திரியும். ஒரு மழைக்காலத்தில் நரித்தொல்லை அதிகமாகவே, எல்லாவற்றையும் ஒரு சின்னப் பட்டியில் அடைத்து வேலி போட்டாள். தீனிக்கும் தண்ணீருக்கும் குறை வைக்கவில்லை. ஆனாலும் அவை ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. இறகு பிய்ந்து ரத்தம் வழிந்தது. காத்தாயி அழுதேவிட்டாள்.

அவளுடைய நாத்தனார் மயிலம்மா எட்டிப் பார்த்தாள். "ஏன் அண்ணி, அலகு இருக்கிறதாலதானே கொத்துது? நுனியைச் சீவிவிடுங்க. நீங்க அழுதா அதுங்க சமாதானமாயிடுமா?"

காத்தாயிக்கு வேறு வழி தெரியவில்லை. அரிவாளைக் காய்ச்சி, ஒவ்வொன்றாய் மடியில் வைத்து அலகின் நுனியைச் சீவினாள். பட்டி அடங்கிப்போனது.

"பார்த்தீங்களா?" என்றாள் மயிலம்மா.

ஆனால் கருப்பழகி என்ற பெட்டை தீனிப்பக்கமே வரவில்லை. காத்தாயி அதன் முதுகைத் தடவினாள்.

"ஏண்டி, கம்பு அப்படியே கிடக்குதே?"

"பொறுக்க முடியலை ஆத்தா. அலகு வலிக்குது. இறகைக் கோத முடியலை, பேன் அரிக்குது."

"சண்டையாவது நின்னுதே."

"சண்டை போடவும் தெம்பு வேணுமே."

காத்தாயி கூழ் கரைத்து ஊட்டினாள். கருப்பழகி அதைக் குடித்துவிட்டுத்தான் அடைகாத்தது. குஞ்சுகள் பொரிந்ததுமே மயிலம்மா காய்ச்சிய அரிவாளோடு வந்துவிட்டாள். "இதுங்களுக்கும் இப்பவே சீவிட்டா பின்னாடி தொல்லையில்லை."

அப்போது ஒரு குஞ்சு காத்தாயியின் கையில் ஏறி, கண்ணாடி வளையலை அலகால் மெல்லத் தட்டியது. சத்தம் கேட்டுத் தலையைச் சாய்த்தது. மறுபடியும் தட்டியது.

"பாரு ஆத்தா," என்றது கருப்பழகி. "அது கடிக்கலை, தொட்டுப் பார்க்குது. உனக்கு விரல் செய்யுற வேலையை எங்களுக்கு அலகுதான் செய்யும்."

"அப்புறம் ஏண்டி ஒன்னையொன்னு கொத்துனீங்க?"

"கொத்திப் பார்க்க வேற என்ன வச்சிருந்தே?"

காத்தாயி குஞ்சைக் கீழே இறக்கிவிட்டாள். மயிலம்மாவின் கையிலிருந்த அரிவாளை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள். சுர்ரென்றது.

"அண்ணி!"

"கத்தாதே மயிலு. இந்த வேலியைத் தள்ளிப் போடணும், வந்து ஒரு கை பிடி."

வேலியை அகலமாக்கினார்கள். குஞ்சுகளுக்கு எட்டும் உயரத்தில் அகத்திக்கீரைக் கட்டு ஒன்றைத் தொங்கவிட்டாள் காத்தாயி. அவை எம்பி எம்பி இலையைப் பிய்த்தன. ஒன்றின் இறகை இன்னொன்று திரும்பிப் பார்க்கவில்லை. கருப்பழகியின் அலகு மட்டும் பழையபடி ஆகவேயில்லை. அதற்கு இலையைக் கிள்ளிக் கிள்ளிக் கடைசிவரை காத்தாயிதான் ஊட்டினாள்.

அன்று முதல்தான் வான்கோழிப் பட்டியில் கீரைக்கட்டு தொங்குகிறது. வளையல் கையை நீட்டினால் வான்கோழி மெல்லத் தட்டிப் பார்ப்பதும் அதனால்தான்.

எதையாவது மாற்றிச் சொல்லியிருப்பேனோ என்று எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று எழுந்துபோய், என் பட்டியில் இன்னொரு கட்டும் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தேன்.