ஏழு இருபதா, நாலரையா?

தீர்ப்புச் சொல்லப்போகிறவர்கள் நீங்கள் என்பதால், நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு ஷூ கம்பெனி. அங்கே தோலை அச்சு வைத்து வெட்டும் பிரஸ் மெஷினில் பதினாறு வருடமாக வேலை பார்த்து வந்தாள் எஸ்தர்ராணி. கணவன் இறந்தபின் இரண்டு பெண்பிள்ளைகளை அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்தாள். பக்கத்து மெஷின் ஷமீமுடையது. எஸ்தரைவிட ஐந்து வயது இளையவள். வாய் நிறைய ‘எஸ்தரக்கா’ என்று கூப்பிடுவாள்.

அந்த வருடம் வெளிநாட்டு ஆர்டர்கள் குவிந்தன. வேலை நேரம் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை. ஐந்தரைக்கு எல்லோரும் வாசலில் கார்டைக் காட்டி, வெளியேறிவிட்டதாகப் பதிவு செய்ய வேண்டும். பிறகு பின்வாசல் வழியாக உள்ளே வந்து எட்டு மணி வரை வெட்ட வேண்டும். அந்த நேரத்துக்கு ஒற்றைக் கூலிதான். ‘இஷ்டப்பட்டே இருக்கிறோம், இதுவே போதும்’ என்று மேனேஜர் சம்பத் ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார்.

ஷமீம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போய் விசாரித்தாள். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்பது சட்டம், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த உரிமை போகாது, ஆனால் வேலை செய்ததற்குச் சாட்சி வேண்டும் என்றார்கள். இரட்டைக் கூலி கேட்டுத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதிய மனுவில் நாற்பத்திரண்டு பெண்கள் கையெழுத்திட்டார்கள். எஸ்தரும் போட்டாள்.

மனு போன மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை மாலை ஏழு இருபதுக்கு, எஸ்தரின் வலதுகை பிரஸ்ஸுக்குள் போய்விட்டது. பதினோராவது மணி நேர வேலை. கண் சொருகியிருக்க வேண்டும். நான்கு விரல்கள் போயின. தன் துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றி அவளை ஆட்டோவில் ஏற்றியவள் ஷமீம்தான்.

மறுநாள் சம்பத் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். ஒரு தாளும் இருந்தது.

“அஞ்சரைக்கு மேல மெஷின் ஓடினதா கம்பெனியில கணக்கே இல்லையேம்மா. நீயா உள்ள போய்க் கைய விட்டுக்கிட்டேன்னு ஆயிடும். நாலரைக்கு அடிபட்டதுன்னு எழுதியிருக்கேன். பேக்கிங்ல உக்காந்து பாக்கற வேலை தர்றேன், ரிடையர் ஆகற வரைக்கும்.”

எஸ்தர் இடதுகைப் பெருவிரலை நீட்டினாள்.

சாயங்காலம் ஷமீம் வந்தபோது அவளே சொன்னாள். “நாலு விரல் இல்லாதவளுக்கு எந்தக் கம்பெனியில வேலை குடுப்பாங்க, சொல்லு. நீ என்னைக் காட்டிக் குடுத்துடாத ஷமீமு.”

“மாட்டேங்க்கா,” என்றாள் ஷமீம். கட்டுப் போட்ட கையைத் தொட்டுத்தான் சொன்னாள்.

இருபது நாள் கழித்து விசாரணைக்கு ஆய்வாளர் வந்தார். முதலில் டைம் ஆபீஸ் குமாஸ்தா கிருபாகரனை அழைத்தார். யார் உண்மையில் எத்தனை மணிக்குப் போனார்கள் என்பதை அவன் தனியாக ஒரு சின்ன நோட்டில் குறித்து வந்தது பெண்களுக்குத் தெரியும். அவன் மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். “அஞ்சரைக்கு மேல யாரும் இருந்ததில்ல சார்,” என்றான். பின்னால் வந்த பெண்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஞாபகமில்லை என்று சொல்லி ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

ஷமீமின் முறை வந்தது. கதவு திறந்தே இருந்தது. பேக்கிங்கில் சேர வந்திருந்த எஸ்தர், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“விபத்து நாலரைக்கு நடந்ததாக அடிபட்டவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் பக்கத்து மெஷின். சரிதானா?” என்று கேட்டார் ஆய்வாளர்.

ஷமீம் ஒருமுறை வெளியே பெஞ்சைப் பார்த்தாள். பிறகு, “இல்ல சார். ஏழு இருபது,” என்றாள்.

ஆய்வாளர் அன்றே ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்தார். எஸ்தரைச் சேர்த்த நேரம் ஏழு ஐம்பது என்று இருந்தது. அதன்பிறகு மற்றவர்களுக்கும் ஞாபகம் வந்தது. பதினோரு மாதத்தில் நாற்பத்திரண்டு பேருக்கும் இரட்டைக் கூலி பாக்கி கிடைத்தது. எஸ்தருக்கும்தான். கணக்கை மாற்றியவன் குமாஸ்தாதான் என்று கம்பெனி சொல்லிவிட, கிருபாகரனுக்கு வேலை போனது. பேக்கிங்கில் காலியிடம் இல்லை என்று எஸ்தரைத் திருப்பி அனுப்பினார்கள். காப்பீட்டில் மாதாமாதம் ஒரு தொகை வருகிறது. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. மூத்த மகள் காலேஜை நிறுத்திவிட்டு வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். பிரஸ் மெஷினில்.

ஷமீம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனாள். “நான் தூங்கறேன்னு சொல்லிடு,” என்று எஸ்தர் உள்ளேயிருந்து மகளிடம் சொன்னது, வாசலில் நின்றவளுக்கே கேட்டது.

எஸ்தர் பொய்க்குக் கைரேகை வைத்தாள். கிருபாகரன் உண்மையை மறைத்தான். ஷமீம் கொடுத்த வாக்கை மீறினாள். கேட்டவர்களே, சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஷமீம் சொன்னதுதான் சரி என்பேன். ஐந்தரைக்குப் பிந்தைய அந்த இரண்டரை மணி நேரம் நாற்பத்திரண்டு பேருக்குச் சொந்தம். எஸ்தர் ஒருத்தி அதை விட்டுக்கொடுக்க முடியாது. எஸ்தரையும் கிருபாகரனையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் ஷமீமுக்கு நடுவில் இருபது நாள் இருந்தது. ‘அக்கா, என்னால முடியாது’ என்று முன்னதாகவே போய்ச் சொல்லியிருக்கலாம். ஏன் போகவில்லை என்று அவளிடமே கேட்டேன். “போனா மனசு மாறிடும்னு பயந்தேன்,” என்றாள். யாருடைய மனசு என்றேன். “என்னோடதுதான்,” என்றாள்.