பதினாலாம் படுக்கை

கிறீச், கிறீச் என்று அழுதுகொண்டே வரும் அந்த ஸ்ட்ரெச்சரின் சத்தம் சூசையம்மாளுக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. அப்போது அவள் அரசு ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்.

நில மோசடி வழக்கில் கைதான யூனியன் சேர்மன் தணிகாசலம், நெஞ்சுவலியில் எழுந்து நிற்கவே முடியவில்லை என்று அங்கே வந்து சேர்ந்தார். மின்விசிறிக்குக் கீழே இருந்த பதினாலாம் படுக்கைதான் வேண்டும் என்றார். அதில் மூட்டை தூக்கும் முத்திருளன், குடலிறக்க ஆபரேஷனுக்கு மூன்று மாதம் காத்திருந்து இடம் கிடைத்துப் படுத்திருந்தார்.

"அவனைத் தரையில போடு. இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது," என்று சூசையம்மாளை அதட்டினார்.

"என் முறை போயிருமே தாயி," என்றார் முத்திருளன்.

சூசையம்மாள் முத்திருளனுக்குத் தரையில் பாயை விரித்துவிட்டு, சேர்மனிடம் திரும்பினாள். "படுங்க ஐயா. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இங்க பேரெல்லாம் கேக்க மாட்டாங்க, பெட் நம்பர்தான். பதினாலுக்கு இன்னிக்கு வயித்துல ஆபரேஷன்."

"சேர்மன் வயித்துல கைவைக்க எவனுக்குத் துணிச்சல்?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில எல்லா வயிறும் ஒண்ணுதாங்க."

சேர்மன் காலை நீட்டிப் படுத்தார். கிறீச், கிறீச். வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. தள்ளிக்கொண்டு வந்த ஊழியர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"பதினாலு! வயித்துக்குச் சவரம் ஆச்சா?"

சேர்மன் குதித்து இறங்கி, மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினார். எழுந்திருக்க முடியாதவர் எங்கே போய்விடுவார் என்று கீழே டீ குடித்துக்கொண்டிருந்த காவல் ஏட்டு, கிளாஸை வைத்தார்.

"வலி தேவலையா சேர்மன்? ஜீப்புல ஏறுங்க."

முத்திருளன் அன்றைக்கே ஆபரேஷன் முடிந்து, பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். சூசையம்மாள் பதினெட்டு வருஷம் கழித்து, அதே வார்டிலிருந்து, ஒப்பந்தப் பணியாளராகவே ஓய்வு பெற்றாள்.