மூன்று முத்திரை ஓலை

கருங்குன்றத்து அரசன் மாறவரையனுக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம். அண்டை நாட்டான் படை திரட்டுகிறான் என்று அவன் தலைபாடாய் அடித்துக்கொண்டும் சபையில் ஒருவரும் நம்பவில்லை. பத்து நாளுக்கு முன் விருந்துக்கு வந்த அந்நாட்டுத் தூதன், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சிரித்தே மழுப்பிவிட்டுப் போயிருந்தான். மானம் போகிறதே என்று அரசனுக்குப் பொறுக்கவில்லை.

ஒற்றர்கள் அனுப்பிய ஓலைகளைச் சபையில் படித்தால் எல்லார் வாயும் அடைத்துப்போகும். ஆனால் பாட்டன் காலத்துச் சட்டம் குறுக்கே நின்றது. ரகசிய ஓலையை வெளியிட அரசன், அமைச்சர், ஒற்றர் தலைவர் மூவரின் முத்திரையும் வேண்டும். மற்ற இருவரும் முடியாது என்றுவிட்டார்கள்.

நடுப்பகலில் அவனே ஓலைக்கூடத்துக்குப் போனான். அதன் காப்பாளர் நப்பின்னைதான் அவனுக்குச் சட்டம் கற்றுத்தந்த குரு; வயதில் அவனுக்கு இளையவள்.

"நாடே என்னுடையது. இது இனி ரகசியம் இல்லை என்று நான் மனத்தில் நினைத்தாலே போதாதா, குருவே?"

நப்பின்னை வாதாடவில்லை. விளக்கோடு உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டாள். ஓலைக்கட்டை அவன் கையில் கொடுத்து, இங்கே நம் இருவரைத் தவிர யாருமில்லை, எழுதியவர்களின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள் என்றாள்.

"உப்பு வணிகன் காளத்தி."

"இருக்கேன்," என்றது மூலையில் ஒரு குரல்.

அரசன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். மூலையில் ஆள் இல்லை. நப்பின்னை விளக்கைச் சற்று உயர்த்திப் பிடித்தாள்.

"சத்திரத்துச் சமையல்காரி வெள்ளச்சி."

"இருக்கேன்." இந்தக் குரல் அவன் காதருகே கேட்டது.

மூன்றாவது, குதிரைக்காரன் கூளையன். சின்ன வயதில் அரசனைத் தூக்கிக் குதிரைமேல் உட்காரவைத்த மனிதன். அண்டை நாட்டு லாயத்தில் வேஷம் போட்டு வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தக் குரலையாவது கேட்கலாமே என்று ஆசையாய்க் கூப்பிட்டான்.

பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டான். மூன்றாம் முறையும் கூப்பிட்டான்.

அப்போதுதான் விருந்து நினைவுக்கு வந்தது. தூதனின் சிரிப்பைப் பொறுக்காமல், உங்கள் லாயத்தில் எத்தனை குதிரை நிற்கிறது என்றுகூட எனக்குச் செய்தி வருகிறது என்று வீறாப்பாய்ச் சொல்லியிருந்தான். தூதன் சட்டென்று சிரிப்பை நிறுத்தியதும் நினைவுக்கு வந்தது.

"கூளையன் ஏன் பேசவில்லை, குருவே?"

நப்பின்னை ஓலைக்கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அவனுக்கு மட்டும், விருந்தன்று உங்கள் ஒரு முத்திரையே போதும் என்று ஆகிவிட்டதே, அரசே."