நாற்பத்தெட்டாவது வாஷர்

இக்கதையை முதன்முதலில் எனக்குச் சொன்னவர் கோட்டைச்சாமி. கடற்கரையோர மின்நிலையம் ஒன்றில், ஆட்கள் இயந்திரத்துக்குள் இறங்கும் துளைவாயிலில் இருபத்தோராண்டு காவல் இருந்தவர். அளந்து பேசுபவர். அவர் அளவை நான் மீறவில்லை.

அந்நிலையத்தில் எரிவாயுச் சுழலி ஒன்று இருந்தது. எரிவாயுவைக் காட்டிலும் அது மிகுதியாக உண்டது காற்றைத்தான். கடற்காற்றோ உப்பும் மணலும் கலந்தது. அதை வடிகட்டித் தர மூன்று மாடி உயரத்தில் ஒரு வடிகட்டி வீடு. அங்கிருந்து சுழலியின் வாய்வரை, ஆள் நிமிர்ந்து நடக்கும்படியான தகரப் பாதை. அனைத்தையும் சேர்த்து அங்குள்ளோர் ‘மூக்கு’ என்று அழைத்தனர்.

மூக்குக்குப் பொறுப்பாளர் பிலோமினா. முப்பத்தாறு வயது. வலை பின்னும் வீட்டில் பிறந்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து, அவ்வேலைக்கு வந்தவர்.

அவரிடம் வேலை கற்க வந்தவர் நைனா முகமது. வயது நாற்பத்தொன்பது. இருபத்துநான்கு ஆண்டு நிலக்கரிக் கொதிகலன்களோடு காலம் கழித்தவர். கொதிகலன்களை மூடிவிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் அவரைத் தகுதியுடையவர் என்று பிலோமினா எழுதிக் கையொப்பமிட வேண்டும். இல்லையேல், பத்து மாவட்டம் தாண்டியிருக்கும் நிலக்கரிக் கிடங்கில் லாரிகளுக்கு வழிகாட்டிக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்க வேண்டியதுதான்.

காற்றுப்பாதைக்குள் போகும் எப்பொருளும் பதிவேட்டில் ஏறாமல் போகலாகாது. ஆள், ஸ்பானர், டார்ச், துணி, சட்டைப் பொத்தான், எல்லாம் ஏறும். உடுப்பில் பை இராது. பதிவேட்டில் மூன்று பத்திகள்: உள்ளே, வெளியே, நிலுவை. நிலுவைப் பத்தியில் சுழியம் வந்த பிறகே துளைவாயிலை மூடுவார்கள்.

வந்த முதல் வாரமே நைனா கேட்டார்.

“ஏன் தங்கச்சி, கண்ணால பார்த்தாத் தெரியாதா? கல்யாணப் பந்தியில எலை எண்ணுற மாதிரி எதுக்கு இத்தனை எண்ணிக்கை?”

“பந்தியில ஒரு எலை கூடுனா என்ன ஆகும், அண்ணே?”

“ஒருத்தர் கூடச் சாப்பிடுவாரு.”

“இங்கயும் அதேதான். உள்ள ஒண்ணு கூடுனா மெஷின் சாப்பிடும்.”

நைனா சிரித்தார். பிலோமினா சிரிக்கவில்லை. பாதையின் முடிவில் நிமிடத்துக்கு மூவாயிரம் முறை சுழலும், கத்தி போன்ற அலகுகள் வரிசை வரிசையாக நின்றன. நாணயத்தளவு இரும்பு போதும். முன்வரிசையில் ஓர் அலகு முறிந்தால், அதுவே பின்வரிசை முழுவதையும் முறித்துக்கொண்டு போகும்.

ஆறு மாதம் முடியப் பத்து நாள் இருக்கையில், காற்றுப்பாதையின் உள்மூட்டு ஒன்றில் பழைய ரப்பர்ப் பட்டையை மாற்றும் வேலை வந்தது. நாற்பத்தெட்டுத் திருகாணிகள், ஒவ்வொன்றின் தலைக்கடியிலும் வாஷர் என்னும் இரும்பு வளையம் ஒன்று. கழற்றுவதும் எண்ணுவதும் நைனாவின் பொறுப்பு. உரித்த பட்டைகளைச் சாக்கில் கட்டிக் காலையிலேயே பழைய சாமான் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். புதுத் திருகாணி, புது வாஷரோடு புதுப் பட்டையைப் பொருத்தியும் ஆயிற்று.

பதினொரு மணிக்குத் துளைவாயிலில் பழைய வாஷர்கள் இருந்த தட்டை வாங்கி எண்ணினார் கோட்டைச்சாமி.

“நாப்பத்தேழு.”

“நல்லா எண்ணுங்க.”

“நல்லாத்தான் எண்ணுனேன். நல்லா எண்ணுனதாலதான் நாப்பத்தேழு.”

உள்ளே போய்த் தேடினார்கள். கிடைக்கவில்லை. பிலோமினா நிலுவைப் பத்தியில் ஒன்று என்று எழுதினார்.

செய்தி மேலே போயிற்று. கண்காணிப்புப் பொறியாளர் தண்டபாணி நைனாவைத் தனியே அழைத்தார்.

“பெரியவர் நீங்க. அந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க. ஒரு மணிக்கு மெஷின் சுத்தணும். உங்க கிடங்கு மாற்றல் ஆர்டர் என் மேசையிலதான் கிடக்கு, ஞாபகம் இருக்கா?”

நைனாவுக்கு ஞாபகம் இருந்தது. அதைத் தவிர வேறொன்றும் ஞாபகம் இல்லை.

அவர் எடுத்துச் சொல்லப் போகவில்லை. ஸ்டோருக்குப் போனார். திறந்திருந்த பெட்டியிலிருந்து, சீட்டு எழுதாமல், அதே அளவில் ஒரு புது வாஷரை எடுத்தார். ஏணியில் படிந்திருந்த உப்புத் துருவில் அதைப் புரட்டிப் புரட்டித் தேய்த்தார். கோட்டைச்சாமி தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் தட்டில் போட்டார். பிறகு தண்டபாணிக்குத் தொலைபேசியில், “நாப்பத்தெட்டு வந்திருச்சு, சார்” என்றார்.

அதைக் கேட்ட பிலோமினா தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெபமாலை உருட்டுவதுபோல ஒவ்வொரு வாஷரையும் கட்டைவிரலால் தடவித் தடவி அடுத்த கைக்கு மாற்றினார். முப்பத்தொன்றாவதில் விரல் நின்றது.

எட்டாண்டு ஆணித்தலை அழுத்திய வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதில் விழவில்லை.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மிச்சத்தையும் எண்ணி முடித்தார். பிறகு அந்த ஒன்றை நைனாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

“இது வழி தவறி வந்திருக்கு, அண்ணே. வச்சுக்கோங்க.”

நைனாவின் காது இரண்டும் சுட்டன. ஏதேனும் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஏணியில் காலடி ஓசை கேட்டது. தண்டபாணி ஏறி வந்தார்.

“நாப்பத்தெட்டு ஆச்சுல்ல? மூடுங்க.”

“நாப்பத்தேழு, சார்,” என்றார் பிலோமினா.

“இப்பத்தான இவர் போன் பண்ணினாரு?”

நைனா தம் கைமுட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவர் சொன்னப்ப நாப்பத்தெட்டு. நான் எண்ணினப்ப நாப்பத்தேழு.”

“ஏம்மா, ஒரு வாஷர்! மெஷின் வாயில கம்பிவலை போட்டிருக்கு. அது எதுக்கு இருக்கு?”

“நான் வலை பின்னுற வீட்டுல பிறந்தவ, சார். வலையில மாட்டுன மீனை விட மாட்டாத மீன்தான் கடல்ல அதிகம்.”

“பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. இன்னிக்குக் கரண்ட் போனா உன் ஊரு ஐஸ் கம்பெனிதான் முதல்ல நிக்கும். உன் ஆளுங்க பிடிச்ச மீனெல்லாம் நாறும்.”

“நாறாது, சார். எங்க ஆளுக கருவாடு போட்டுக்குவாங்க. இந்த மெஷினைக் கருவாடு போட முடியாது.”

கோட்டைச்சாமி இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

“நான் உத்தரவு போடுறேன். மூடுங்க.”

“எழுத்துல போடுங்க, சார்.”

தண்டபாணி எழுதவில்லை. எழுதாத உத்தரவுக்குத்தான் குரல் அதிகம் தேவைப்படுகிறது. அவர் குரல் வடிகட்டி வீட்டின் மூன்று மாடிக்கும் கேட்டது.

பிலோமினா பதிவேட்டைத் தம் பக்கம் இழுத்தார். ‘உள்ளே’ என்ற பத்தியில், நேரம் பன்னிரண்டு ஐந்து என்று குறித்து, பிலோமினா, ஆள் ஒன்று, டார்ச் ஒன்று என்று எழுதினார். துளைவாயில் வழியே உள்ளே இறங்கினார். சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

“கோட்டைச்சாமி, மூடுய்யா!” என்றார் தண்டபாணி.

“ஆள் உள்ள இருக்கு, ஐயா.”

“தெரியுதுய்யா!”

“எனக்கும் தெரியுது. பதிவேட்டுக்கும் தெரியுது.”

தண்டபாணி பேனாவை நைனாவிடம் நீட்டினார். குரல் இப்போது தாழ்ந்திருந்தது.

“அவ பேருக்கு நேரே ‘வெளியே’ன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போடுங்க. போட்டதும், மூடப் போறோம்னு அவ தானா வெளிய வருவா. இன்னிக்கே உங்க படிவத்தை நானே முடிச்சுத் தர்றேன். அவ கையெழுத்தே வேணாம்.”

நைனா பேனாவை வாங்கினார். உச்சிவெயில். தகரப் பாதை இட்லிக் கொப்பரைபோல் தகித்தது. உள்ளே பிலோமினா முந்தானை இல்லாத உடுப்பில், புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நைனாவை அழைக்கவில்லை, பார்க்கவும் இல்லை.

நைனா அவர் பெயருக்கு நேரே எழுதவில்லை. அதற்குக் கீழே எழுதினார்: நைனா முகமது, ஆள் ஒன்று.

எழுதிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தார். உள்ளிருந்து குரல் வந்தது.

“வெறுங்கையாவா, அண்ணே?”

நைனா நின்றார். பிறகு முட்டியைத் திறந்து, தண்டபாணியின் கண்ணெதிரே, அந்தப் புது வாஷரைத் துளைவாயிலின் வெளிவிளிம்பில் வைத்தார். உலோகத்தில் உலோகம் பட்டு ஒலித்தது.

“இது நான் ஸ்டோர்ல எடுத்துத் தட்டுல போட்டது, சார்,” என்றார். “நாப்பத்தேழுதான்.”

தண்டபாணி வாஷரைப் பார்த்தார்; நைனாவைப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் மெமோ வரும்,” என்று சொல்லி இறங்கிப் போனார்.

“வரட்டும், சார்!” என்றது தகரப் பாதை.

இருவரும் தேடினார்கள். ஒலியடக்கும் தடுப்புகளின் இடுக்கெல்லாம் விரல் விட்டுத் துழாவினார்கள். வளைவில் வயிற்றால் ஊர்ந்தார்கள். கம்பிவலையின் ஒவ்வொரு கண்ணையும் டார்ச்சால் தொட்டார்கள். ஒரு முறை போய், ஒரு முறை திரும்பி, மூன்றாம் முறை இடம் மாற்றிக்கொண்டு தேடினார்கள். இரண்டரை மணி ஆயிற்று. பாதை துடைத்துவிட்ட கண்ணாடிபோல் இருந்தது.

நைனா பட்டை மாற்றிய மூட்டின் அருகே மண்டியிட்டு எழுந்தபோது, முழங்கால் தரையை விட்டுப் பிரிய மறுத்தது. கீழே பார்த்தார். பழைய பட்டையில் தடவியிருந்த கறுப்புப் பசை. எட்டாண்டுப் பசை, வெயிலில் இளகியிருந்தது.

“தங்கச்சி, இந்தப் பசை என் காலையே விடமாட்டேங்குது. வாஷரை மட்டும் விட்டிருக்குமா?”

பிலோமினா அவரைப் பார்த்தார். அன்று அவர் பார்த்தது அதுவே முதல் முறை.

கோட்டைச்சாமி துளைவாயிலுக்கு வேறோர் ஆளைக் காவல் வைத்துவிட்டுப் பழைய சாமான் கொட்டகைக்கு ஓடினார். சாக்கை அவிழ்த்து, பட்டைகளைச் சுருள் சுருளாகப் பிரித்தார். ஆறாவது பட்டையின் மடிப்புக்குள், பசையில் புதைந்து, வட்டப் பள்ளத்தோடு நாற்பத்தெட்டாவது வாஷர் இருந்தது.

நிலுவைப் பத்தியில் சுழியம் விழுந்தது. இருவரும் வெளியே வந்து தத்தம் பெயருக்கு நேரே நேரம் குறித்தார்கள். துளைவாயிலை மூடினார்கள். மூன்று நாற்பதுக்குச் சுழலி சுழன்றது. மூக்கு மூச்சிழுத்தது.

தண்டபாணி மறுபடி வந்தார்.

“கொட்டகையில கிடந்ததாமே? உள்ள இல்லாத ஒண்ணுக்காக மூணு மணி நேரம் மெஷினை நிறுத்தினவ நீ ஒருத்திதான். என்ன கண்ட?”

“உள்ள இல்லைன்னு கண்டேன், சார்.”

“அதைத்தானே நான் காலையில இருந்து சொன்னேன்!”

“நீங்க சொன்னீங்க, சார். நான் கண்டேன்.”

தண்டபாணி மெமோவை நீட்டினார். பிலோமினா அதை வாங்கி, தேதி குறித்துக் கையொப்பமிட்டு, பதிவேட்டின் அந்நாள் பக்கத்துக்குள் வைத்து மூடினார். நைனாவும் தம்முடையதை வாங்கிக்கொண்டார்.

தண்டபாணி போன பிறகு நைனா ஏணிப்படியில் உட்கார்ந்தார். தலைக்கு மேலே வடிகட்டி வீடு சீராக இரைந்துகொண்டிருந்தது.

“ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க, அண்ணே.”

“காணாமப் போனது உள்ள இல்ல. அது அப்பவே கொட்டகைக்குப் போயிருச்சு. நான் போட்டதை நீங்க கண்டுபிடிக்காம, ஒரு மணிக்கே மூடியிருந்தாலும் மெஷினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?”

“மெஷினுக்கு ஆகியிருக்காது, அண்ணே.”

நைனா எழுந்து போய், துளைவாயிலின் வெளிவிளிம்பில் கிடந்த புது வாஷரை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார்.

ஸ்டோர்க்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

“ஐந்நூறு வாஷர் இருக்கிற பெட்டி, பாய். சும்மா உள்ள போட்டுட்டுப் போங்க. சீட்டே எழுதாததை நான் எப்படி வரவு வைக்கிறது?”

“எடுத்ததை முதல்ல எழுதுங்க. அப்புறம் கொடுத்ததை எழுதுங்க.”

“ஒத்தை வாஷருக்கா?”

“ஒத்தை வாஷருக்குத்தான்.”

ஸ்டோர்க்காரர் தலையில் அடித்துக்கொண்டு எழுதித் தந்தார். நைனா அந்தச் சீட்டைக் கொண்டுவந்து பிலோமினாவின் முன்னே வைத்தார். பிலோமினா அதை இரு முறை படித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து நைனாவின் படிவத்தை எடுத்தார். தகுதியுடையவர் என்று எழுதிக் கையொப்பமிட்டு, படிவத்தோடு அச்சீட்டையும் சேர்த்து ஊசி குத்தினார்.

அச்சீட்டு இன்னும் அப்படிவத்தோடுதான் இருக்கிறது என்பார் கோட்டைச்சாமி. அதில் இரண்டே வரிகள்.

எடுத்தவர்: நைனா முகமது.

திருப்பித் தந்தது: வாஷர், ஒன்று.